மட்டத்தார் ஜீப்பை உயர்த்திய கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நேராக இருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் மட்டத்தார்தான். கண்டுபிடித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எந்தப் பொருள் எவ்வளவு சரிந்திருக்கிறது என்பதை அதன் சொந்தக்காரரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டும் வருவார். ஊரில் அவரோடு கோபம் இல்லாத வீடு எது என்று தேடினால், ஆள் குடியில்லாத வீடுகள்தான் அகப்படும்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. மேசன்மார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, ஒரு மரச்சட்டம், அதற்குள் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் பச்சைத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு காற்றுக் குமிழி, அந்த நீர்மட்டம் எந்த நேரமும் அவருடைய இடுப்பில் செருகியிருக்கும். அதனால் மட்டத்தார். மலையகத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் வீடு, தளபாடம், சைக்கிள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சாமான் இந்த நீர்மட்டம்தான். இறங்கியதும் அதைத் துறைமுகப் படியில் வைத்துப் பார்த்து, கடல் பக்கம் கால் அங்குலம் பதிந்திருக்கிறது என்று அங்கே நின்ற அதிகாரி ஒருவரிடம் சொன்னாராம். அந்த அதிகாரி அகதிகளுக்குச் சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தவர். மட்டத்தாருக்குப் பார்சல் கடைசியாகத்தான் கிடைத்தது.

சலூனுக்குப் போனால் மீசை வெட்டி முடிந்தவுடன் நீர்மட்டத்தை மேலுதட்டில் வைத்துக் கண்ணாடியில் பார்ப்பார். சலூன்காரர் அவர் தெருமுனையில் வருவதைக் கண்டாலே கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். என்னுடைய கலியாணத்திலும் தாலி கட்டுவதற்குச் சற்று முன்னால் மணவறைக்குப் பின்புறமாக வந்து, பொம்பிளைப் பக்கம் அரை அங்குலம் உயரம் என்று என் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். இத்தனை வருட அனுபவத்தில் சொல்கிறேன், அது அரை அங்குலம் இல்லை, கூட.

நான் அப்போது கணித வாத்தியார். மானிப்பாய்க்கு மேற்கே, வயல்வெளியைத் தாண்டி, பதிவான நிலத்தில் கிடந்த ஒரு சின்னக் குறிச்சியில் பெண் எடுத்து அங்கேயே குடியேறினவன். சீதனமாக வீடும் வளவும் ஒரு ஜீப்பும், கூடவே மாமியும் கிடைத்தார்கள். இவற்றில் வயதில் மூத்தது ஜீப்தான். யுத்தகாலத்து ஜீப். அதாவது இரண்டாம் உலக யுத்தம், எங்களுடையது அல்ல. காலமாகிப்போன மாமனார் அதற்குத் தகரத்தில் ஒரு கூரை அடித்து, பின்னால் எதிரும் புதிருமாக உட்கார இரண்டு வாங்குகளும் போட்டிருந்தார். பொருளாதாரத் தடைக் காலம் என்பதால் மற்ற வாகனங்களைப் போல அதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. மருந்துக் குப்பியில் பத்திரப்படுத்தி வைத்த பெற்றோலைக் கொஞ்சம் காட்டி எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயைக் கொடுத்து ஏமாற்றவேண்டும்.

வழுக்கையாறு என்று எங்களுக்கும் ஓர் ஆறு உண்டு. வருடத்தில் பத்து மாதம் அதில் கிரிக்கெட் விளையாடலாம். கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் தான் ஓர் ஆறு என்பது அதற்கு ஞாபகம் வரும். குறிச்சியிலிருந்து வெளியே போக அதற்குக் குறுக்கே கல்லுப் பரப்பிய ஒரு தாம்போதிதான் வழி. மழைக்காலத்தில் தண்ணீர் தாம்போதிக்கு மேலால் ஓடும், நாங்கள் வீட்டில் இருப்போம். அதைப்பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஆனால் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரண தரப் பரீட்சை வைப்பவர்கள் அதை மார்கழியில்தான் வைத்தார்கள். பரீட்சை மண்டபம் தாம்போதிக்கு அந்தப் பக்கம்.

நான் சொல்லப்போகிற விஷயத்துக்கு முந்திய வருடம், கணிதப் பரீட்சை நாளன்று தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் குறிச்சியிலிருந்து ஒன்பது பிள்ளைகள். மாட்டுவண்டிலில் ஏற்றிப் பார்த்தோம். மாடுகள் தாம்போதியில் கால் வைத்து, நின்று யோசித்து, வண்டிலோடு திரும்பி வீட்டுக்கே வந்துவிட்டன. பரீட்சை தொடங்கும் நேரத்தில் ஒன்பது பேரும் கரையில் நின்றபடி என்னுடைய மணிக்கூட்டைப் பார்த்தார்கள். வாத்தியாராக இருந்த காலம் முழுவதிலும் அப்படி நான் வெட்கப்பட்ட நாள் வேறில்லை. கணிதம் இல்லாவிட்டால் உயர்தர வகுப்பில் கால் வைக்க முடியாது. ஒன்பது பேருக்கும் ஒரு வருடம் போய்விட்டது.

பரீட்சைக் காலத்தில் அந்தப் பக்கம் எங்கேயாவது தங்க வைக்கலாமே என்று கேட்பீர்கள். வடக்குப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் மானிப்பாயிலும் உடுவிலிலும் வீடு வீடாக நிறைந்து, கோயில் மடங்களிலும் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பாய் விரிக்க இடமில்லை.

அந்த ஒன்பது பேரில் கெட்டிக்காரி பவானி, எங்கள் பக்கத்து வீட்டுக் கனகருடைய மகள். கனகரைப்பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். குறிச்சியிலேயே பாரமான மனிதர் அவர்தான். கதிரையில் உட்காரமாட்டார், ஏனென்று கதிரைக்குத் தெரியும். இரண்டாவது, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எல்லை வேலி வழக்கு நடந்துகொண்டிருந்தது. வேலி ஒரு முழம் தள்ளிப் போட்டது யார் என்பது வழக்கு. வழக்கு நடத்துகிறவர்கள் நேரே கதைப்பதில்லை என்பது எங்கள் ஊர் மரியாதை. ஆகவே எங்களுக்குக் கேட்கவேண்டியதைக் கனகர் வேலி ஓரம் நின்று தன்னுடைய மாட்டுக்குச் சொல்லுவார். மாமி தன்னுடைய பதிலை எங்கள் கோழிக்குச் சொல்லுவார்.

அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் கனகர் மாட்டிடம் கதைத்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

“மாடே, இந்த முறையும் பிள்ளை சோதினை எழுதாட்டில், நான் கலியாணத்தைப் பேசி முடிக்கப்போறன். எத்தினை வருசம் வீட்டிலை வைச்சிருக்கிறது?”

மாடு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரம் எங்கள் முற்றத்தில் மட்டத்தார் நின்றார். என் சைக்கிள் ஸ்ராண்ட் இடப்பக்கம் சரிகிறது என்று சொல்வதற்காக வந்தவர். கனகர் சொன்னதைக் கேட்டார், சைக்கிளை விட்டார், தாம்போதிப் பக்கம் நடந்தார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து ஜீப்புக்குக் கீழே படுத்தார். ஆற்றங்கரை மருதமரத்தில் போன வருடத்து வெள்ளம் விட்டுப்போன சேற்றுக் கோடு இருந்ததாம். அதிலிருந்து தாம்போதிக்கு மட்டம் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

“மாஸ்டர், போன வருசம் தாம்போதிக்கு மேலை தண்ணி இரண்டரை அடி. உங்கடை ஜீப்பின்ரை எஞ்சின் காத்தாடி இரண்டடியிலை நிக்குது. ஜீப்பை ஒன்பது அங்குலம் உயர்த்தினம் எண்டால் மூண்டு அங்குலம் எங்களுக்கு லாபம்.”

நீர்மட்டத்தோடு திரிகிற இந்த மனிதருக்கு ஏதோ கழன்றுபோய்விட்டது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கணக்கு வாத்தியார் நான் ஒரு வருடமாகச் செய்யாத கழித்தலை அவர் ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டு வந்து நின்றார். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஜீப்பை உயர்த்துவதென்றால் அதன் ஸ்பிரிங்குகளுக்கு மேலும் தகடுகள் வைத்து, ஸ்பிரிங்கின் நுனிகளைச் சேசிஸோடு கோத்துப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளையும் நீளமாக்கவேண்டும். தடை காரணமாக ஓர் ஆணிகூட உள்ளே வராத காலத்தில் ஸ்பிரிங் தகட்டுக்கு எங்கே போவது? குறிச்சியில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. கனகருடைய வளவில் ஓடாமல் நின்ற பழைய லொறி. மட்டத்தார் மூன்று கிழமை தூது போனார். கடைசியில் ஒருநாள் காலை கனகர் வேலியடிக்கு வந்து, யாராவது ஸ்பிரிங் கழட்ட வந்தால் தான் தோட்டத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லும்படி மாட்டுக்கு உத்தரவு போட்டுவிட்டு, வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

ஆனால் கனகருடைய மனைவி ஒரு நிபந்தனை வைத்தார். லொறியின் சாரதி ஆசனத்தில் கோழி ஒன்று அடைகிடந்தது. அதை எழுப்பக்கூடாது, முட்டை உருளக்கூடாது. வேறு எந்த மெக்கானிக்காக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். மட்டத்தாருக்கோ அவருடைய வாழ்நாளில் கிடைத்த மிகச் சிறந்த வேலை அது. கோழிக்குப் பக்கத்தில் நீர்மட்டத்தை வைத்துவிட்டு, லொறியின் நாலு மூலைக்கும் கல்லு அடுக்கி, ஒரு மூலையில் ஒரு நூல் இறக்கினால் மற்ற மூலையிலும் ஒரு நூல் இறக்கி, காலையிலிருந்து பின்னேரம் வரை பாடுபட்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றி எடுத்தார். கோழி ஒருதரம் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. பிறகு எல்லா முட்டையும் பொரித்தது.

லொறிக்கும் எங்கள் ஜீப்புக்கும் இடையில் பதினைந்து அடிதான் தூரம். ஆனால் நடுவில் வழக்கு வேலி. அதற்கு மேலால் இரும்பு கொடுத்து வாங்கினால் வழக்குப் பலவீனப்பட்டுவிடும் என்று இரண்டு பக்கத்துக்கும் வழக்குப் பேசிய அப்புக்காத்துமாரும் சொல்லியிருந்தார்கள். ஆகவே ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தோளில் தூக்கி, ஒழுங்கையால் போய், சந்தியைச் சுற்றி வந்தோம். எங்கள் முற்றத்தில் இரும்பு வந்து விழுந்ததும் மாமி கோழியைப் பார்த்துச் சொன்னார்: அந்த வீட்டு இரும்பு எங்கடை வண்டிக்குக் கீழே கிடந்தால் பரவாயில்லை, மேலே ஏறக்கூடாது. அப்படித்தான் செய்யப்போகிறோம் என்று மட்டத்தார் மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்தினார்.

ஜீப்பைத் தூக்கி நிறுத்த எங்களிடம் ஜாக்கி இல்லை. தோட்டக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலா ஒன்று பழுதாகிக் கிடந்தது, முழு நீளப் பனைமரம். அதன் ஒரு நுனியைச் சேசிஸுக்குக் கீழே கொடுத்து, கல்லுக் குவியலில் முட்டு வைத்து, மறுநுனியில் நாலு பேர் தொங்கினோம். ஜீப் எழும்பியது. கூரையில் நீர்மட்டம் இருந்தது. குமிழி அசைந்தால் மட்டத்தார் எங்களை அப்படியே தொங்கச் சொல்லிவிட்டுக் கீழே போய்விடுவார். ஒருதரம் அவர் கீழேயே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. லொறித் தகடுகளை இரும்பறுக்கிற வாளால் அறுத்து ஜீப் ஸ்பிரிங்கில் சேர்த்தார். பட்டைகளைக் கொல்லரிடம் கொடுத்து நீளமாக அடித்தார். பிறேக்குக்குப் போகிற றப்பர் குழாய் எட்டாமல் போனதால் அதையும் லொறியிலிருந்தே எடுத்தார். நாலாம் நாள் ஜீப் தன்னுடைய புதுக் கால்களில் நின்றது. குமிழி நடுவில், ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. மாமி வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

“தம்பி, உது ஜீப்போ, தேரோ? வடம் பிடிக்க ஆக்கள் வேணுமோ?”

எல்லோரும் சிரித்தோம். பரீட்சைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ஒருதரம் தெருவில் ஓட்டிப் பார்ப்போம் என்று நான் ஏறி எஞ்சினை எழுப்பி, தெருவாசல் படலையடிக்கு வந்து நிறுத்தினேன். நிறுத்தியது என் விருப்பத்தில் இல்லை.

எங்கள் வீட்டுக்கு இருந்தது சங்கடப்படலை. வீட்டுக்குக் கூரை இருப்பதுபோலப் படலைக்கும் மேலே குறுக்கே வளை மரம் போட்டு, ஓலை வேய்ந்து, தெருவால் போகிறவர்கள் மழைக்கு ஒதுங்க வசதியாக மாமனார் ஆசையாகக் கட்டியது. முன்பு ஜீப் அதற்குக் கீழே ஒரு கை அகல இடைவெளியோடு போய்வரும். இப்போது ஜீப்பின் கூரை படலையின் வளையைவிட நாலு விரல் உயரத்தில் நின்றது.

நான் மட்டத்தாரைப் பார்த்தேன். இரண்டு கிழமைக்கு முன்னால்தான் அவர் ஏணி வைத்து ஏறி அந்தப் படலையை அளந்திருந்தார். என் கண்ணால் கண்டேன். வளை அரை அங்குலம் சரிவு என்று கண்டுபிடித்து, அதை மாமியிடம் சொல்லி, மாமி தன் புருஷன் கட்டியது சரியாது என்று சொல்ல, மத்தியானம் வரை இருவரும் வாதாடினார்கள். அந்த வாதத்தில் உயரத்தை அளக்க மறந்துவிட்டார். ஆற்றை அளந்தவர், மரத்தை அளந்தவர், கோழிக்குக்கூட மட்டம் பிடித்தவர், படலையின் உயரத்தை அளக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாம் சொன்னேனோ தெரியாது. சொன்னது எல்லாவற்றுக்கும் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்க்க என் கோபம் எனக்கே பிடிக்காமல் போயிற்று.

வேறு வழியும் இல்லை. முன்பக்கம் முழுவதும் கல்லு மதில். ஒரு பக்கம் கிணறு. மறுபக்கம் வழக்கு வேலி, அதில் ஓர் ஓலைக் கிடுகைக் கழற்றினாலும் நீதிமன்றத்தில் பதில் சொல்லவேண்டும். படலையைப் பிரிப்போமா என்று கேட்க நான் வாயைத் திறந்தேன்.

“அவர் தன்ரை கையாலை கட்டினது. அதிலை ஒரு ஓலை அசைஞ்சாலும் இந்த வீட்டிலை நான் உலை வைக்கமாட்டன்.”

மாமி இதைக் கோழியிடம் சொல்லவில்லை, நேரே என்னிடம் சொன்னார். ஆகவே அது முடிந்த கதை. போட்ட தகடுகளைக் கழற்றினால் ஜீப் வெளியே போகும், ஆனால் தண்ணீரைக் கடக்காது. வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

மட்டத்தார் ஜீப்பின் நிழலில் வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு எழும்பி, பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். பாரம் ஏற்றினால் ஸ்பிரிங் அமரும், அமர்ந்த நிலையில் படலையைக் கடந்துவிட்டு, அந்தப் பக்கம் போய்ப் பாரத்தை இறக்குவோம் என்றார். ஒன்பது பிள்ளைகளையும் கூப்பிட்டு ஏற்றினோம். இரண்டு மூட்டை வெங்காயம் வைத்தோம். ஜீப் ஒரு விரல் அமர்ந்தது. லொறித் தகடுகள் அல்லவா, ஒன்பது ஒல்லிப் பிள்ளைகளை அவை கணக்கில் எடுக்கவில்லை. இனி ஏறக்கூடிய ஆள் குறிச்சியில் ஒருவர்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் வேலியைப் பார்த்தோம்.

கனகர் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார். எங்கள் வளவுக்குள் கால் வைத்தால் வழக்கு என்ன ஆகும் என்று மாட்டிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஜீப்பிலிருந்து பவானி இறங்கி வேலியடிக்குப் போனாள்.

“அப்பா, வழக்கை எப்பவும் நடத்தலாம். சோதினை பத்து நாளிலை.”

கனகர் ஒழுங்கையால் சுற்றி வந்தார். படலையடியில் நின்று செருப்பைக் கழற்றினார், ஏனென்று தெரியவில்லை. உரலைக் கவிழ்த்து வைத்து அதில் ஏறி, நாங்கள் மூன்று பேர் பின்னால் தாங்க, ஜீப்பில் ஏறினார். ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. மதிலில் ஏறி நின்ற மட்டத்தார் இன்னும் இரண்டு விரல் என்று கத்தினார். நாலு ரயரிலும் காற்றை இறக்கினோம். இன்னும் ஒரு விரல் என்றார். அதற்குமேல் ஏற்ற ஒன்றும் இல்லை. எஞ்சின் சும்மா ஓடி மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டிருந்தது.

மாமியும் கொஞ்சம் பாரமான மனுசிதான். மருமகன் அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அவர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உரலில் ஏறினார். யாரையும் பார்க்காமல் உள்ளே போய், கனகருக்கு எதிர் வாங்கில், முழங்கால் முட்டுகிற தூரத்தில் இருந்து, வெளியே தென்னைமரத்தைப் பார்த்தார். கனகர் வெங்காய மூட்டையைப் பார்த்தார். நான் மெல்ல மெல்ல ஜீப்பை விட்டேன். கூரைத் தகரம் வளையின் அடியைத் தடவிக்கொண்டு போன சத்தம் மட்டும்தான் கேட்டது. ஓர் ஓலை அசையவில்லை. ஒழுங்கையில் நின்றதும் கனகர் வருடக் கணக்குக்குப் பிறகு முதன்முதலாக எங்கள் வீட்டு ஆளோடு நேரே கதைத்தார்.

“அக்கா, இறங்கேக்கை கவனம். உயரம்.”

மாமி ஓம் என்றார். அவ்வளவுதான். வழக்கு அதற்குப் பிறகும் நடந்தது, அது வேறு விஷயம். இறக்கிய காற்றை ஒன்பது பிள்ளைகளும் மாறி மாறிச் சைக்கிள் பம்பால் அடித்து ஏற்றினார்கள். ஜீப்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோவதென்றால் இத்தனையும் மறுபடி செய்யவேண்டும் என்பதால், பரீட்சை முடியும் வரை அது கனகரின் வளவில் நின்றது.

கணிதப் பரீட்சைக்கு முதல்நாள் மழை பிடித்தது. விடியும்வரை விடவில்லை. காலையில் மட்டத்தார் தடி ஊன்றிப் பார்த்து இரண்டடி எட்டு அங்குலம் என்றார். மூன்று அங்குல லாபத்தில் இரண்டு போய் ஒன்றுதான் மிச்சம். காற்றாடி சுற்றினால் தண்ணீரை அள்ளி எஞ்சினுக்கு மேல் அடிக்கும் என்று அதன் பட்டியைக் கழற்றினார். புகைக் குழாயில் நீளமான குழாய் ஒன்றைப் பொருத்திக் கூரைவரை கட்டினார். பிள்ளைகள் உரலில் ஏறி உள்ளே போனார்கள். பவானி அனுமதி அட்டைகள் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி மடியில் வைத்திருந்தாள். தவம் என்றொரு பையன் கடைசியாக ஏறினான், அவனுக்கு அட்சரகணிதத்தைவிடத் தண்ணீர் பயமில்லை.

எல்லாம் சரி, தாம்போதி எங்கே? சேற்றுத் தண்ணீர் ஒரே பரப்பாக ஓடியது. கல்லுப் பாதை எங்கே முடிந்து பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு சக்கரம் விளிம்பைத் தாண்டினால் ஜீப் சரிந்துவிடும். உள்ளே ஒன்பது பிள்ளைகள். மட்டத்தார் முன் ஆசனத்திலிருந்து இறங்கினார். அவர் கட்டையான மனிதர். தண்ணீர் அவருக்கு இடுப்புக்கு மேலே நின்றது.

“மாஸ்டர், நான் இடப்பக்க விளிம்பிலை காலாலை தடவித் தடவி நடக்கிறன். நீங்கள் என்ரை தலையைப் பாத்து ஓட்டுங்கோ. நான் தண்ணிக்குள்ளை தாண்டுபோனன் எண்டால் வலப்பக்கம் திருப்புங்கோ.”

உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டேன். மலைநாட்டில் எங்கே நீந்துவது என்று திருப்பிக் கேட்டுவிட்டு நடந்தார்.

அவருடைய நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். எஞ்சின் இருமியது, நின்றுவிடுமோ என்று நினைக்கத் திரும்ப ஓடியது. நடு ஆற்றில், விளிம்புக் கல்லு உடைந்த ஓர் இடத்தில், அந்தத் தலை சட்டென்று காணாமல் போயிற்று. நான் வலப்பக்கம் திருப்பினேன். அவர் சொன்னபடிதான் செய்தேன். பிள்ளைகள் சத்தமிட்டார்கள். பத்துப் பன்னிரண்டடி தள்ளித் தலை மேலே வந்தது. கல்லில் கால் ஊன்றி வந்து, ஜீப்பின் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு இருமினார். என்னைப் பார்க்கவில்லை. பின்னால் எட்டி, எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி விளிம்புக்குப் போய் நடந்தார்.

பரீட்சைக்கு அரை மணி நேரம் முந்தியே போய்ச் சேர்ந்தோம். ஒன்பது பேரும் நனையாத உடுப்போடு மண்டபத்துக்குள் போனார்கள். எழுதி முடியும்வரை மட்டத்தார் நடுங்கிக்கொண்டு மதிலோரம் நின்றார். தேத்தண்ணி குடிக்க வரச் சொன்னேன், வரவில்லை. பவானி வெளியே வந்ததும் அவர் கேட்டது கணக்கு லேசாக இருந்ததா என்று அல்ல, மேசை ஆடியதா என்று. கொஞ்சம் ஆடியது, காலால் பிடித்துக்கொண்டு எழுதினேன் என்றாள். அடுத்த நாள் விடியவே வந்து, மண்டபப் பொறுப்பாளரிடம் கெஞ்சி உள்ளே போய், கால்களுக்குக் கீழே கூரை ஓட்டுத் துண்டுகள் வைத்து அந்த மண்டபத்தில் இருந்த எல்லா மேசைகளையும் நிமிர்த்திவிட்டார். எங்கள் பிள்ளைகளுடையதை மட்டும் அல்ல, எல்லாவற்றையும். அந்த வருடம் அங்கே எழுதியவர்கள் ஆடாத மேசையில் எழுதினார்கள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. பரீட்சை முடியும்வரை தண்ணீர் வற்றவில்லை, ஒவ்வொரு நாளும் அவர் எங்களுக்கு முன்னால் இறங்கி நடந்தார்.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. பள்ளிக்கூடப் பலகையில் பட்டியல் ஒட்டியிருக்கிறது என்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் ஓடினேன். மட்டத்தார் எனக்கு முன்னரே அங்கே நின்றார். பிள்ளைகளின் பெயர்கள் அவருக்குத் தெரியாது, எல்லோரையும் ‘பிள்ளை’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் பலகையில் இருந்தவை பெயர்கள் அல்ல, பரீட்சைச் சுட்டெண்கள். ஒன்பது சுட்டெண்ணும் அவருக்குப் பாடம். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் ஒவ்வொன்றாக வாயால் சொல்லி, விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு போனார். எட்டுப் பேர் கணிதத்தில் சித்தியடைந்திருந்தார்கள். பவானிக்கு அதிதிறமைச் சித்தி. கனகர் அன்றைக்கு மாட்டைத் தேடவில்லை, நேரே எங்கள் படலைக்கு வந்து மாமியிடம் சொல்லிவிட்டு அழுதார்.

ஒன்பதாவது சுட்டெண் தவத்தினுடையது. இரண்டாம் தரமும் போய்விட்டது. அவன் பள்ளிக்கூடக் கிணற்றடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். எனக்கு அவனிடம் போக மனம் வரவில்லை, வாத்தியார் நான்தானே. மட்டத்தார் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“அழாதை பிள்ளை. ஜீப்பை நான் இன்னும் இறக்கேல்லை.”

அடுத்த மார்கழி குறிச்சியில் பரீட்சை எழுத இருந்தவன் தவம் மட்டும்தான், அப்போதும் தண்ணீர் வந்தது. படலையைக் கடக்க முழுக் குறிச்சியும் ஏறி இறங்கியது. ஆற்றங்கரையில் ஜீப்பின் பின்பக்க வாங்கில் ஒரேயொரு பிள்ளைதான் மிச்சம் இருந்தான். மட்டத்தார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒன்பது பேருக்கு நடந்தாரே, அதே மாதிரி, காலால் தடவித் தடவி அவனுக்கும் நடந்தார்.